பிறந்தநாள் தட்டில் ஒரு மலை ரயில்

கேள்வி: மகனுக்கு அடுத்த மாதம் ஆறு வயது நிறைகிறது. இருபது பிள்ளைகள் வருவார்கள். சிப்ஸ், பப்ஸுக்குப் பதிலாகப் பச்சைக் காய்கறிகளை ஏதாவது உருவமாக அடுக்கி, தொட்டுக்கொள்ள டிப் வைக்கலாம் என்று ஆசை. அவனுக்கு ரயில் என்றால் உயிர். என்னென்ன காய், எவ்வளவு, எங்கே வாங்குவது?
*– ஒரு வாசகி, ஈரோடு*

பதில்: ரயில் பிடிக்கும் பையனுக்கு மேட்டுப்பாளையம் – ஊட்டி ரயிலைவிட நல்ல உருவம் கிடைக்காது. கேரட், முட்டைகோஸ், பீட்ரூட் என்று தட்டில் ஏறப்போகிற காய்களில் பாதி அந்த மலையில் விளைபவை. அதனால் ரயிலோடு சேர்த்து மலையையும் தட்டில் கொண்டுவந்துவிடலாம்.

முதலில் அளவு. பிறந்தநாள் வீட்டில் கேக்கும் வேறு பலகாரமும் இருக்கும். எனவே ஒரு பிள்ளைக்கு நறுக்கிய காய் 100 கிராம் தாராளம். இருபது பேருக்கு 2 கிலோ. தோல், காம்பு, விதை போக இவ்வளவு தேற வேண்டுமானால் இரண்டரைக் கிலோ வாங்குங்கள். கேரட் முக்கால் கிலோ, வெள்ளரி முக்கால் கிலோ, மீதி குடைமிளகாய், பேபி கார்ன், சின்னதாக ஒரு காலிஃபிளவர். மலைக்கு ஒரு முட்டைகோஸ் தனி. பிராக்கோலி படத்தில் மரம் மாதிரி அழகாக இருக்கும், பச்சையாகக் கொடுத்தால் பிள்ளைகள் தொடக்கூட மாட்டார்கள். மரம் வேண்டுமென்றால் ஒரு சிறிய பூ போதும்.

பணம் அதிகம் போகிற இடம் குடைமிளகாய். பச்சையாக இருக்கும்போதே பறிப்பதுதான் பச்சைக் குடைமிளகாய். செடியிலேயே பழுக்க விட்டால் ரகத்துக்கு ஏற்பச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ப்பது பெரும்பாலும் இந்த வண்ண ரகங்களைத்தான். செடியில் அதிக நாள் நிற்பதால் விலையும் அதிகம், இனிப்பும் அதிகம். பச்சையில் லேசான கசப்பு உண்டு, பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஆகவே ரயில் பெட்டி செய்யப் பச்சையை வாங்குங்கள், தின்பதற்குச் சிவப்பும் மஞ்சளும் ஒவ்வொன்று போதும். பெட்டிக்கு எடுக்கும்போது காயைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். நான்கு மேடு உள்ள காய் தட்டில் ஆடாமல் நிற்கும், மூன்று மேடு உள்ளது சாயும். ஆண் காய், பெண் காய் என்று கடைக்காரர் ஏதாவது கதை சொன்னால் சிரித்துவிட்டு நான்கு மேடு உள்ளதைப் பொறுக்குங்கள்.

உங்கள் ஊரில் சம்பத் நகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேச வேண்டியதில்லை. வெள்ளரியில் நீண்டு மெலிந்த இளங்காயாக எடுங்கள். முற்றியதில் விதையும் தண்ணீரும்தான் இருக்கும். நறுக்கும்போது ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கத்துத் துண்டு ஒன்றை நீங்களே கடித்துப் பார்த்துவிடுங்கள். கசந்தால் அந்தக் காயை முழுதாக ஒதுக்கிவிடுங்கள். ஒரு பிள்ளை கசப்பு வெள்ளரியைக் கடித்து முகம் சுளித்தால் மற்ற பத்தொன்பது பேரும் தட்டுப் பக்கம் வர மாட்டார்கள்.

இனி ரயில். பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று எடுங்கள். ஒரு ஓரத்தில் முட்டைகோஸைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் மலை. அதன் அடியில் குடைந்தால் குகை. விரல் நீளக் கேரட் துண்டுகளைக் குறுக்கே அடுக்கினால் தண்டவாளக் கட்டை, மேலே இரண்டு நீள வெள்ளரிக் கீற்றுகள் தண்டவாளம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அந்தப் பாதையின் நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஒன்று ஓடும், தெரியுமல்லவா? அதற்கு, நெளிநெளியாக வெட்டும் கத்தியால் ஒரு கேரட் கீற்று போட்டு நடுவில் வையுங்கள். தலை சீவிக் குடைந்த பச்சைக் குடைமிளகாய் நான்கு, பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் டிப். சக்கரம் வெள்ளரி வட்டம். பெட்டியில் சாய்த்து வைத்து, பின்னால் ஒரு சொட்டுக் கெட்டித் தயிர் தடவினால் ஒட்டிக்கொள்ளும். பல்குச்சி குத்தாதீர்கள், வெள்ளரியோடு சேர்த்துக் கடித்துவிடுவார்கள். எஞ்சினுக்கு ஒரு தடித்த வெள்ளரித் துண்டும், புகைக்கு ஒரு காலிஃபிளவர் பூவும். காலிஃபிளவரை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கியெடுத்த பிறகே தட்டில் வையுங்கள், புழு இருந்தால் வெளியே வந்துவிடும்.

எஞ்சினை எங்கே வைப்பது என்று மகனிடமே கேளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும். முன்னால் வைத்தால் உங்களைத் திருத்துவான். மொத்தம் 16 குகைகள் உள்ள பாதை அது. நமக்கு ஒரு முட்டைகோஸ் போதும்.

அந்த ரயிலின் நீல நிறம் வேண்டுமென்று பையன் அடம்பிடித்தால், சாயப் பொடியைத் தேடிக் கடைக்குப் போகாதீர்கள். ஊதா முட்டைகோஸ் இலையைப் பெட்டியைச் சுற்றி ஓர் இதழாக வைத்தால் ஏறக்குறைய அந்தச் சாயல் வந்துவிடும். ஆனால் அந்த இலையைத் தயிரில் கலந்துவிடாதீர்கள். புளிப்புப் பட்டதும் நீலம் போய் இளஞ்சிவப்பாகிவிடும்.

கேள்வி: டிப் பாட்டிலாக வாங்கலாமா, வீட்டில் செய்வது நல்லதா? மயோனைஸுக்குத் தடை என்றார்கள், கடையில் இன்னும் விற்கிறார்களே?
*– ஒரு வாசகர், திருச்சி*

பதில்: தடை விதித்தது பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தியது. வேகாத முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், வெளிச்சூட்டில் வைத்தால் பெருகும் என்பது காரணம். ஷவர்மா கடையில் டப்பாவிலிருந்து கரண்டியால் எடுத்துத் தருவது எந்த வகை என்று நமக்குத் தெரியாது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம்.

கடையில் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் முட்டையில்லாத மயோனைஸ். பச்சைப் புள்ளி போட்டிருக்கும். முட்டை சேர்த்திருந்தால் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பின்பக்கம் திருப்பிச் சேர்மானங்களைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் இடத்தில் எண்ணெய், அடுத்துத் தண்ணீர், சர்க்கரை என்று இருந்தால் நீங்கள் வாங்குவது எண்ணெயும் சர்க்கரையும்தான். புதினா டிப், பெரிபெரி டிப் என்று முகப்பில் எழுதியிருந்தாலும் புதினா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சேர்மானப் பட்டியலில் சில பொருட்களை எண்ணாகவும் போட்டிருப்பார்கள். 211 என்றால் சோடியம் பென்சோயேட், 202 என்றால் பொட்டாசியம் சார்பேட், இரண்டும் கெடாமலிருக்கச் சேர்ப்பவை. 102, 110, 122, 124, 133 ஆகியவை செயற்கை நிறங்கள். அனுமதி பெற்றவைதான். ஆனாலும் கேரட்டின் நிறமே போதுமான தட்டுக்கு இன்னொரு நிறத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

விலையை ஒப்பிட எம்ஆர்பி மட்டும் உதவாது. ஒரு பாட்டில் 250 கிராம், இன்னொன்று 275 என்று வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதை ஒப்பிடுங்கள்.

வீட்டில் செய்வதே என் சிபாரிசு. ஒரு கிலோ கெட்டித் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் ஒரு பாத்திரத்தின் மேல் வடிய விடுங்கள். நான்கைந்து மணி நேரத்தில் பாதிக்குப் பாதி தேறும், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில். வடிந்த தண்ணீரை ரசத்துக்கோ சப்பாத்தி மாவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். வடிந்த தயிரை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் உப்பும் வறுத்த சீரகப் பொடியும், ஒன்றில் வேகவைத்து அரைத்த பீட்ரூட், இன்னொன்றில் மிளகாய் குறைத்து அரைத்த புதினா, மல்லி. நான்காவதற்குத் தயிரே வேண்டாம். பொட்டுக்கடலைத் துவையலைக் காரமில்லாமல் சற்றுத் தளர அரைத்தால் போதும். விருந்து முடியும்போது காலியாகியிருக்கும் கிண்ணம் அதுவாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். வேர்க்கடலை சேர்ப்பதானால் வரும் பிள்ளைகளில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எள்ளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

தயிர் டிப்பை விருந்து தொடங்கும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். இரண்டு மணி நேரம்தான் கணக்கு, திருச்சி வெயிலில் ஒரு மணி நேரம். மிஞ்சியதைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுக்கக் கூடாது. இருபது விரல்கள் தொட்டுத் தின்ற கிண்ணம் அது.

கேள்வி: காய்கறி உருவத் தட்டு செய்து தருகிறோம் என்று இணையத்தில் நிறையப் பேர் விளம்பரம் போடுகிறார்கள். நம்பி வாங்கலாமா?
*– ஒரு வாசகி, சென்னை*

பதில்: வாங்கலாம். ஆனால் கல்யாண வாசலில் தர்பூசணியில் மணமக்கள் முகம் செதுக்கி வைப்பார்களே, அந்த வேலை செய்கிறவரிடம் தின்பதற்குத் தட்டு கேட்காதீர்கள். அது பார்வைக்குச் செய்வது. ஆணி, கம்பி, பசை எல்லாம் உள்ளே இருக்கும், மணிக்கணக்கில் வெளியே நிற்கும்.

சாப்பாட்டுக்கென்றே செய்கிறவர் என்றால் வீட்டிலிருந்து செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் மத்திய உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். எண் 14 இலக்கம். அந்தத் துறையின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு நறுக்குவீர்கள், எதில் வைத்துக் கொண்டுவருவீர்கள்? முதல் நாள் இரவே எல்லாம் தயார் என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். கேரட்டைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் மொறுமொறுப்பாக இருக்கும். வெள்ளரி அப்படித் தாங்காது, கொழகொழத்துவிடும். முன்பணம் கொடுக்கும்போது எடை, காய் வகை, டெலிவரி நேரம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காய்களைப் பூ, நட்சத்திரம் என்று வெட்ட அச்சு வாங்கலாமா? தட்டு எது நல்லது?
*– ஒரு வாசகர், மதுரை*

பதில்: எவர்சில்வர் அச்சு நான்கு உள்ள செட் போதும். முப்பது அச்சு உள்ள செட்டில் இருபத்தாறு பரணுக்குப் போகும். அச்சின் மேல் விளிம்பு மடித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேரட்டை அழுத்தும்போது உள்ளங்கையை அறுக்கும். இணையத்தில் வாங்கினால் எந்த நாட்டில் செய்தது என்ற விவரம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தட்டுக்குப் பாக்குமட்டை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் தெர்மாகோல் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்குமட்டையில் கருப்புப் புள்ளியோ பூஞ்சை வாடையோ இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: விருந்துக்கு இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். இதே தட்டைக் கொடுக்கலாமா?
*– ஒரு வாசகி, நாகர்கோவில்*

பதில்: கூடாது. நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பச்சைக் கேரட் துண்டு தொண்டையில் அடைக்கக்கூடியது. குறிப்பாக வட்ட வட்டமாக வெட்டியது மூச்சுக்குழாயை மூடி போட்டதுபோல் அடைத்துவிடும். முழுத் திராட்சை, முழுச் செர்ரி தக்காளி, வேர்க்கடலை எல்லாம் இதே ரகம். சின்னவர்களுக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். இரு விரலில் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்த கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. செர்ரி தக்காளி, திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக. உட்கார்ந்து தின்னச் சொல்லுங்கள், வாயில் காயோடு ஓடிப்பிடித்து விளையாட விட வேண்டாம். பெரிய தட்டை மேசை மேல் வைப்பதே அவர்கள் கைக்கு எட்டாமல் இருக்கத்தான்.

கேள்வி: செயலி மூலம் வாங்கிய குடைமிளகாயில் பாதி அழுகியிருந்தது. பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள்.
*– ஒரு வாசகர், கோவை*

பதில்: பை வந்தவுடன், டெலிவரி பையன் படியிறங்குவதற்குள் பிரித்துப் பாருங்கள். அழுகல் இருந்தால் அந்த இடத்திலேயே படம். காய் மட்டும் தெரிகிற படம் போதாது, பையில் ஒட்டியிருக்கும் எடையும் தேதியும் அதே படத்தில் தெரிய வேண்டும். செயலிக்குள் இருக்கும் உதவிப் பெட்டியில் புகார் போட்டுப் பதில் சரியில்லை என்றால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் அவர்கள் வெளியிட்டாக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்றாலும், அரைக் கிலோ குடைமிளகாய்க்கு அதுவரை போக வேண்டியிராது. ரசீதையும் படத்தையும் வைத்துக்கொண்டு 1915-இல் தொடங்குங்கள்.