எல்டிஎல் பிரிக்கும்போது ஆக்சிஜனேற்றம் ஆகாமல் தடுப்பது எப்படி?

நைட்ரஜன் ஓடவிட்டும், இருட்டில் 4 டிகிரியில் வைத்தும் எல்டிஎல் (இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்) கெட்டுப்போகிறது என்கிறீர்கள். சென்ட்ரிபியூஜைத் திட்டாதீர்கள், டயாலிசிஸ் வாளியை, அதாவது எல்டிஎல்லைச் சவ்வுப் பையில் கட்டிப் போட்டு உப்பை நீக்கும் வாளியைப் பாருங்கள். நான் பட்டது அங்கேதான்.

பிஎச்டி இரண்டாம் வருஷம். இரத்தம் எடுத்த கையோடு, உலோகங்களைப் பிடித்துவைக்கும் இடிடிஏ சேர்த்தாயிற்று. பிளாஸ்மாவில் பொட்டாசியம் புரோமைடு போட்டு அடர்த்தியை 1.019க்கு ஏற்றி, மேலே மிதந்ததை நீக்கி, அப்புறம் 1.063க்கு ஏற்றி மறுபடி ஓட்டினேன். எல்டிஎல் அழகான மஞ்சள் பட்டையாக மேலே வந்தது. அந்த மஞ்சள், துகளுக்குள் இருக்கும் கரோட்டினாய்டுகளின் நிறம்.

அடுத்து உப்பை நீக்க வேண்டும். மறுநாள் தாமிரம் சேர்த்து ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிப் பார்க்கும் சோதனை. இடிடிஏ இருந்தால் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளுமே என்று புத்திசாலித்தனமாக யோசித்து, அது இல்லாத பாஸ்பேட் பஃபர் கரைசலில், டயாலிசிஸ் வாளியில் இரவு முழுக்கப் போட்டுவிட்டேன். காலையில் மஞ்சள் வெளுத்திருந்தது. தாமிரம் சேர்த்து, ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும் 234 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலைப் பார்த்தால், வழக்கமாக ஒரு மணி நேரம் போல அசையாமல் கிடக்கும் கோடு எடுத்த எடுப்பிலேயே ஏறியது. காவலுக்கு இருந்த வைட்டமின் ஈ இரவோடு இரவாகச் செலவாகியிருந்தது. பஃபர் உப்பில் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு வரும் இரும்பும் தாமிரமும் அதற்குப் போதும்.

ஆகவே வாளியிலும் இடிடிஏ இருக்கட்டும். தாமிரம் சேர்ப்பதற்குச் சற்று முன்பு மட்டும் உப்பு நீக்கும் சிறிய வடிகுழாயில் (column) விட்டு இடிடிஏவை நீக்குங்கள். "பிஎச்டி சேர்த்தால் போதுமே" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள், தெரியும். பட்டத்தைச் சொல்லவில்லை, பியூட்டிலேற்றிய ஹைட்ராக்சி டொலுயீன். சேமிக்க மட்டும் என்றால் சரி. ஆனால் அது கொழுப்பில் கரைவது, துகளுக்குள்ளேயே தங்கிவிடும். வடிகுழாயில் விட்டாலும் போகாது, உங்கள் சோதனையையும் கெடுக்கும். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நான் ஒன்றும் பெரிய நிபுணர் இல்லை. அன்று கைடு எல்லார் முன்னாலும் "கவனக்குறைவு" என்றார். காரணத்தைக் கண்டுபிடித்து, செய்முறையைத் தாளில் எழுதியது நான். கட்டுரையில் என் பெயர் ஐந்தாவது. அல்ட்ராசென்ட்ரிபியூஜ் அறைக்குள் ஒருநாளும் வராதவர் இரண்டாவது. அந்தத் தாள் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறதாம், ஜூனியர் சொன்னாள். கீழே என் பெயர் இருந்த ஓரத்தை மட்டும் கத்தரித்துவிட்டார்களாம்.