வீட்டுக்கல்வி, உடற்பயிற்சி, தூக்கம்: அம்மாவுக்கான நேரம் எங்கிருந்து வரும்?

கேள்வி: எனக்கு 38 வயது. 10, 7, 3 வயதில் மூன்று குழந்தைகள். மூத்தவர்கள் இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். காலை 8 மணிக்கு ஆரம்பித்தால் மதியம் 2 மணி வரை பாடம். அப்புறம் வீட்டு வேலை. கணவர் இரவு 7 மணிக்குத்தான் வருவார். காலை 5 மணிக்கு எழுந்து உடற்பயிற்சி செய்யலாம் என்று பலமுறை தொடங்கியிருக்கிறேன், ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை. பகலில் யோகா விரிப்பை விரித்தால் சின்னவள் முதுகில் ஏறிக்கொள்கிறாள். ‘மனம் ஒன்றிச் செய்யுங்கள்’ என்கிறார்கள். இந்த வீட்டில் மனம் எங்கே ஒன்றும்? எல்லோரும் தூங்கிய பிறகு கைப்பேசியோடு உட்கார்ந்தால் 12 மணி ஆகிவிடுகிறது. உடம்பு கனத்துப்போய், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் அந்த 5 மணி அலாரத்தை எடுத்துவிடுங்கள். 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் கிடைப்பது ஐந்து மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கத்தில் வெட்டி எடுத்த நேரத்தில் செய்கிற பயிற்சி ஒரு வாரத்தில் நின்றுபோனால் அதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். உடம்பு தாங்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் எரிச்சலிலும் தூக்கக் குறைவுக்குப் பெரிய பங்கு இருக்கும்.

சரி, தூக்கத்தைத் தொடக்கூடாது என்றால் நேரம் எங்கிருந்து வரும்? உங்கள் கடிதத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. காலை 8 முதல் மதியம் 2 வரை, ஆறு மணி நேரம் பாடம். பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். வீட்டுக்கல்வியைத் தொடங்கும் பெற்றோர் பலரும் பயத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாதே என்ற அக்கறைதான் காரணம். ஆனால் வகுப்பறையின் ஆறு மணி நேரத்தில் வருகைப் பதிவுக்கும், பாடம் மாறும் இடைவெளிக்கும், வகுப்பை அமைதிப்படுத்தவும், எல்லாப் பிள்ளைகளும் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கவும் எவ்வளவு போகிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரியவர் இருக்கிறார். தெரிந்ததைத் தாண்டிப் போகலாம், புரியாத இடத்தில் உடனே நிற்கலாம்.

என் கணிப்பில், ஏழு வயதுப் பிள்ளைக்கு மேசையில் உட்கார்ந்து செய்யும் பாடம் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் போதும். பத்து வயதுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் தாராளம். ஒருவர் தானாக எழுதும்போது மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தால், இருவருக்கும் சேர்த்து மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டுக்கல்விக்கு இத்தனை மணி நேரம் என்று சட்டம் இருந்தால் அதன்படிதான் நடக்க வேண்டும். அப்போதும் வாசிப்பு, விளையாட்டு, உடற்கல்வி இவையெல்லாம் அந்தக் கணக்கில் சேருமா என்று விதிகளைப் படித்துப் பாருங்கள்.

ஆக, நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கைக்கு வருகிறது. அதை மொத்தமாக ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பாடங்களுக்கு இடையே பிரித்துப் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்கப்போவதில்லை. பத்து நிமிடம் கிடைக்கும்.

பத்து நிமிடத்தில் என்ன பயன் என்ற சந்தேகம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் தந்த வழிகாட்டுதலில், ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-ல் வந்த புதிய வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் வேகமாகப் படியேறி இறங்கினாலும் கணக்கில் சேரும். பெரியவர்களுக்கு அவர்கள் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு மூன்று முறை பத்துப் பத்து நிமிடம். மிதமான உழைப்பு எது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாவிட்டால் கடுமையான உழைப்புக்குப் போய்விட்டீர்கள். தொடக்கத்தில் அது தேவையில்லை.

இந்தப் பத்து நிமிடங்களில் ஒன்றையாவது கணக்குப் பாடத்துக்கு முன்னால் வையுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து. காரணம் இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவிட்டார்கள். உட்கார்ந்தே இருந்த நாளைவிட நடந்த நாளில் அவர்களுடைய கவனமும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும் மேலாக இருந்தன. 20 பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் வீட்டில் முயன்று பார்க்க அது போதும், செலவும் இல்லை. பிள்ளைகளுக்கும் (5 முதல் 17 வயதுவரை) நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் மூன்று நாளாவது குதிப்பது, ஏறுவது, தொங்குவது போல எலும்புக்கும் தசைக்கும் வேலை தருவதாக இருக்கட்டும். மூன்று வயதுக்காரிக்கு நாள் முழுக்க மொத்தம் 180 நிமிட அசைவு. அவள் விஷயத்தில் நீங்கள் கவலைப்படவே வேண்டாம், முதுகில் ஏறுவதே அதற்குச் சாட்சி.

முடிந்தவரை வெளியில் போங்கள். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் நாள் முழுவதும் கூரைக்குக் கீழேயே இருந்துவிடும் ஆபத்து உண்டு. கண்ணுக்கு அது நல்லதல்ல. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் சுமார் 30 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். வாய்விட்டு வாசிப்பது, வாய்ப்பாடு சொல்வது இவற்றையெல்லாம் வெளியில் வைத்துக்கொள்ளலாமே.

இப்போது மனம் ஒன்றும் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நீங்கள் வீணாக வருந்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அசைவில் கவனம் வைப்பது என்றால் வீடு நிசப்தமாக இருக்க வேண்டும், மனதில் எண்ணமே வரக்கூடாது என்று அர்த்தம் இல்லை. ஜான் கபட்-சின் என்பவர் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வார மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) நாட்பட்ட வலியோடும் நோயோடும் வாழ்ந்தவர்களுக்கானது. அமைதியான மனதோடு வந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. கவனம் ஓடிப்போகும், போனதைக் கவனித்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தத் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பெயர்தான் பயிற்சி. பத்து நிமிடத்தில் இருபது முறை மனம் அலைந்தால் இருபது முறை பயிற்சி நடந்திருக்கிறது.

ஆனால் குழந்தை முதுகில் இருக்கும்போது அதை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நாளில் இரண்டு வகை நேரம் வேண்டும். ஒன்று பிள்ளைகளோடு ஓடியாடும் நேரம். அதை விளையாட்டாகவே விடுங்கள். முதுகில் ஏறினால் ஏறட்டும், அவளைத் தூக்கிக்கொண்டே நடங்கள். இன்னொன்று நீங்கள் தனியாக இருக்கும் 15 நிமிடம். இரண்டையும் கலந்தால்தான் கோபம் வருகிறது.

அந்தத் தனி 15 நிமிடத்தைப் பெற இரண்டு வழி. மதியத்தில் வீட்டுக்கே ‘அமைதி நேரம்’ என்று ஒன்றைக் கொண்டுவரலாம். மூத்தவர்கள் இருவரும் புத்தகத்தோடு, சின்னவள் அந்த நேரத்துக்கென்றே எடுத்துவைத்த விளையாட்டுச் சாமான்களோடு, உங்கள் கண்ணெதிரே. முதல் வாரம் ஐந்து நிமிடம் மட்டும். மணல் கடிகாரம் ஒன்றை வைத்தால், மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கும் எப்போது முடியும் என்பது தெரியும். சொன்ன நேரத்தில் நீங்கள் எழுந்து அவளிடம் போய்விட வேண்டும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் நேரத்தைக் கூட்டலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் சின்னவளை ஒப்படைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது மட்டும் வேண்டாம்.

இரண்டாவது வழி, 7 மணிக்கு வரும் கணவர். அவர் வந்து சற்று ஓய்வெடுத்த பிறகு, 7.30 முதல் 8 வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு. ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. எந்தக் கிழமைகள், எத்தனை மணிக்கு என்று இருவரும் உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கும் அப்பாவோடு அந்த நேரம் வேண்டும்.

அந்த 15 நிமிடத்தில் வலுவூட்டும் பயிற்சியைச் செய்யுங்கள். வீட்டோடு இருக்கும் அம்மாக்கள் பலரும் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து தூக்குகிறவருக்கு முதுகையும் இடுப்பையும் காப்பாற்றுவது தசைதான். நான்கு அசைவுகள் போதும். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை வைத்து உடம்பை முன்னே கொண்டுபோய்த் தள்ளி வருவது. புத்தகங்கள் நிரப்பிய பையை, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிந்து எடுத்து வைப்பது. அதே பையை ஒரு கையில் தொங்கவிட்டு, உடம்பு சாயாமல் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது. முதல் மூன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று.

இதில் கவனத்தை எங்கே வைப்பது? நாற்காலிப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். உட்காரும்போது மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். உள்ளங்காலில் எடை எங்கே விழுகிறது, குதிகாலிலா, விரல்களிலா? முட்டி உள்பக்கம் சாய்கிறதா? எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். தாடையும் தோளும் இறுகியிருந்தால் தளர்த்துங்கள். இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். உடம்பு சொல்வதைக் கேட்டுச் செய்கிறவருக்குத் தசை உழைக்கும் எரிச்சலுக்கும் மூட்டில் குத்தும் வலிக்கும் வித்தியாசம் சீக்கிரமே பிடிபடும். முதலாவது இருக்கலாம். இரண்டாவது வந்தால் நிறுத்த வேண்டும். அடுத்த ஓரிரு நாள் தொடை வலித்தால் பயப்பட வேண்டாம், புதிய பயிற்சிக்கு அது இயல்பு.

ஒன்றை மட்டும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். மூன்று பிரசவம் ஆனவர் நீங்கள். குதிக்கும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால், ‘பிள்ளை பெற்றால் இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கென்று பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கும். அதுவரை குதிக்கும் பயிற்சிகளைத் தள்ளிவையுங்கள்.

இரவுக் கைப்பேசிக்கு வருவோம். அது உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தனிமை, அதனால்தான் விட மனம் வருவதில்லை. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னால் நடக்காது. அந்தத் தனி 15 நிமிடம் நிலையாகக் கிடைக்க ஆரம்பித்தால் இரவில் அந்தப் பசி தானாகவே குறையும். அப்புறம் படுக்கும் நேரத்தை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், விடுமுறை நாளிலும். பிள்ளைகளுக்கு 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், மூன்று வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. அவர்கள் 8.30-க்குள் படுத்துவிட்டால் உங்கள் இரவும் முன்னால் தொடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பாட நேரத்தைக் குறைப்பதும், பாடங்களுக்கு இடையே பத்து நிமிட நடையும் மட்டும். அது ஓரளவு படிந்த பிறகு அந்தத் தனி 15 நிமிடம். கடைசியில் படுக்கும் நேரம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ‘தொடர்ச்சி அறுந்துவிட்டது, இனி அடுத்த மாதம்’ என்று விட்டுவிடுவதுதான் நம்மைக் கெடுக்கிறது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் வாரங்கள் வரும். அந்த வாரத்துக்கு இப்போதே ஒரு சின்ன அளவைத் தீர்மானித்துவையுங்கள்: நாளுக்கு ஐந்து முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அவ்வளவுதான்.

தொடங்கும் முன் எடை பார்க்கும் கருவியை ஒதுக்கிவைத்துவிட்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எடையைவிட இது சீக்கிரம் மாறும், மாற்றம் கண்ணுக்கும் தெரியும். நடக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் சரியான பிறகும், எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்தே இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதை நடையாலும் மூச்சுப் பயிற்சியாலும் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.