ரெட் டாட் ஃபைண்டரில் தலையை அசைத்தால் புள்ளியும் நகர்கிறதே, லென்ஸ் கோளாறா?

காரைக்குடி வீட்டு மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கிறீர்கள். அதில் மாட்டிய ரெட் டாட் ஃபைண்டரில் (வானில் குறிபார்க்க உதவும் சின்னக் கருவி) தெரியும் சிவப்புப் புள்ளி, தலை கொஞ்சம் ஆடினாலே நிலாவில் பாதி அளவுக்கு விலகுகிறது. இதற்கும் லென்ஸ் அமைப்புக்கும் என்ன சம்பந்தம் என்பது கேள்வி.

லென்ஸ் என்று நாம் சொன்னாலும் அது செய்வது ஆடியின் வேலை. புள்ளி லேசர் மாதிரி முன்னால் பாய்ந்து எதன் மேலும் விழுவதில்லை. உங்கள் பக்கம், கீழே ஒளிந்திருக்கும் எல்.இ.டி.யின் வெளிச்சம் முன்கண்ணாடியின் குழிவில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. விளக்கு சரியாகக் குவியத்தில் (இணையாக வரும் கதிர்களை ஆடி ஒன்றுசேர்க்கும் இடம்) இருந்தால் திரும்பும் கதிர்கள் இணையாக வரும். புள்ளி நட்சத்திரத்தைப் போலவே முடிவிலியில் இருப்பதாகத் தெரியும். கண் எங்கே போனாலும் அது இலக்கை விட்டு அசையாது. டப்ளினில் டெலஸ்கோப் செய்த ஹோவர்ட் கிரப் 1900-இல் சொன்ன யோசனை இது. 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் எல்.இ.டி. வைத்துத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தது.

ஆகவே உங்கள் தொல்லை பெரும்பாலும் கண்ணாடியில் இல்லை, விளக்கு உட்கார்ந்த இடத்தில். கணக்கு எளிது: குவியத்தூரத்தை (ஆடியிலிருந்து குவியம் வரையுள்ள தூரம்) அதனாலேயே பெருக்கி, விளக்கு குவியத்தை விட்டு விலகிய அளவால் வகுத்தால், புள்ளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கிடைக்கும். குவியத்தூரம் 50 மி.மீ., விலகல் 1 மி.மீ. என்றால் புள்ளி முடிவிலியில் இல்லை, 2.5 மீட்டரில் தொங்குகிறது. கண் 10 மி.மீ. நகர்ந்தால் அது சுமார் 14 கலை தள்ளிப்போகும் (ஒரு டிகிரியில் 60 கலை; நிலாவின் அகலம் ஏறக்குறைய 31). நீங்கள் சொல்லும் பாதி நிலா கிட்டத்தட்ட இதுதான்.

எந்தப் பக்கம் விலகியது என்பதையும் கண்டுபிடிக்கலாம். ஃபைண்டரைக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் வைத்து, தூரத்துக் கோபுரக் கலசத்தில் புள்ளியை நிறுத்தித் தலையை வலப்பக்கம் நகர்த்துங்கள். புள்ளி இடப்பக்கம் போனால் விளக்கு ஆடிக்கு மிக அருகில் இருக்கிறது. தலையோடு சேர்ந்து வலப்பக்கமே வந்தால் தள்ளி இருக்கிறது. தள்ளி இருந்தால் எல்.இ.டி.க்குப் பின்னால் காகிதத் துண்டு செருகி முன்னால் கொண்டுவரலாம். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். ஒவ்வொரு தாளாகச் சேர்த்துப் பாருங்கள். அருகில் இருந்தால் விளக்கு உட்காரும் மேடையை உரசிக் குறைக்க வேண்டும், அது பொறுமையான வேலை. வெயிலில் பிளாஸ்டிக் விரிவதைப் பலர் குற்றம் சொல்வார்கள். 15 டிகிரி வித்தியாசத்துக்கு 50 மி.மீ. பிளாஸ்டிக் நீள்வது 0.06 மி.மீ. அளவுதான், வானம் பார்க்க அது பொருட்டே இல்லை.

லென்ஸ் வடிவமைப்பின் நுணுக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆடியாக வேலை செய்யும் அதே கண்ணாடி, வெளியிலிருந்து வரும் ஒளியை ஒன்றும் செய்யாமல் விட வேண்டும். இருபுறமும் ஒரே வளைவாக இருந்தால் அது மெல்லிய பூதக்கண்ணாடி ஆகிவிடும். 3 மி.மீ. கனத்துக்கு வெளிப்புற வளைவின் ஆரம் உட்புறத்தைவிட ஏறக்குறைய 1 மி.மீ. கூடுதலாக இருந்தால்தான் குவிக்கும் திறன் பூஜ்யமாகும். அப்போதும் காட்சி ஓரிரு சதவீதம் பெரிதாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல், விளக்கு பார்வையை மறைக்கக் கூடாதென்று ஆடியைச் சாய்க்கிறார்கள். சாய்ந்த கோள ஆடியின் ஓரங்களில் கதிர்கள் சரியாக இணையாவதில்லை. விலை கூடிய வகைகளில் இரண்டு கண்ணாடிகளை ஒட்டி, ஒட்டின இடத்தில் பிரதிபலிக்கும் பூச்சைத் தருவார்கள். ஒளி உள் கண்ணாடி வழியே இருமுறை போய்வருவதில் பிழை பெருமளவு அடங்கிவிடும். மலிவான ஃபைண்டரில் இது இருக்காது. அதில் புள்ளியைக் கண்ணாடியின் நடுவில் வைத்துப் பார்ப்பதே வழி.

பூச்சு எப்படி என்று பார்க்க வீட்டுத் தரையின் ஆத்தங்குடிக் கல்லே (வண்ணத் தரை ஓடு) போதும். சிவப்புக் கல்லில் பாதியைக் கண்ணாடி வழியாகவும் பாதியை வெறும் கண்ணாலும் பாருங்கள். சிவப்பு மட்டும் மங்கி, வெள்ளைச் சுவர் லேசாக நீலம் பாய்ந்தால் சிவப்பைத் தனியாகத் திருப்பும் பூச்சு. எல்லா நிறமும் ஒன்றுபோல் இருண்டால் எல்லா நிறத்தையும் ஓரளவு திருப்பும் சாதாரணப் பூச்சு. மங்கலான நட்சத்திரம் அதில் காணாமல் போகும்.

புள்ளிக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு புள்ளி தெரிந்தால் பயப்படாதீர்கள். முகப்பில் மாட்டிய பழைய பெல்ஜியம் கண்ணாடியின் முன் தீக்குச்சி கொளுத்திச் சாய்வாகப் பார்த்தால் சுடர் இரண்டாகத் தெரியுமே, அதே கதைதான்: பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு 4 சதவீத ஒளியைத் தானும் திருப்பும். வெளிச்சத்தைக் குறைத்தால் போய்விடும். புள்ளி நட்சத்திரம்போல் சிதறினால் ஃபைண்டரைச் சுழற்றிப் பாருங்கள். சிதறல் கூடச் சுழலாவிட்டால் கோளாறு கண்ணில் (சிதறல் பார்வை), பொருளில் இல்லை.

கடைசியாக டெலஸ்கோப்போடு சேர்த்துக் குறி சரிசெய்யும்போது எதிர்வீட்டுச் சுவரை எடுக்காதீர்கள். ஃபைண்டர், டெலஸ்கோப் குழாயிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால் 50 மீட்டர் இலக்கில் 7 கலை பிழை, 1 கி.மீ. தூரத்துச் செல்போன் டவரில் அது 0.34-ஆகச் சுருங்கும். பகலில் செய்வதால் சூரியன் இருக்கும் திசைக்குக் குழாயைத் திருப்பவே வேண்டாம்.