தாத்தாவின் பிழைப்பும் பெட்டியும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "பெட்டி வந்துச்சு, எங்க பிழைப்பு போச்சு" என்று கடைசிவரை சொல்வார். பள்ளிப் புத்தகத்திலோ தொழிற்சாலைகளால்தான் சிங்கப்பூர் வளர்ந்தது என்று படித்தேன். எது சரி?

ச., ஈசூன்

அன்புள்ள ச.,

இரண்டும் ஒரே கதைதான். தாத்தா அதை அடியிலிருந்து பார்த்திருக்கிறார். அவர் சொன்ன பெட்டி, கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர்.

போர் முடிந்த பிறகும் பல வருடங்கள் நாம் பெரும்பாலும் அடுத்தவர் சரக்கில்தான் பிழைத்தோம். மலாயா, இந்தோனேசியா ரப்பரும் மிளகும் இங்கே வரும். தரம் பிரித்து, மூட்டை கட்டி மேற்கே அனுப்புவோம். அங்கிருந்து துணியும் இயந்திரமும் வரும், அக்கம்பக்கத்துக்கு விற்போம். செட்டித் தெருக் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைகளில், புரண்ட கடனில் பாதிக்கு இந்த ஓட்டமே ஆதாரம் என்பேன். கொரியப் போர் வந்தபோது ரப்பர் விலை எகிறியது, கை நிறையக் காசு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் திருப்பினால்? 1963இல் இந்தோனேசியா வணிகத்தை நிறுத்தியது. 1965இல் மலேசியாவிலிருந்து பிரிவினை, மலேசியப் பொதுச்சந்தைக் கனவும் போயிற்று.

அதற்குள் உலகச் சந்தையே மாறிக்கொண்டிருந்தது. கச்சாப்பொருள் ஒரு பக்கம் போக, செய்த பொருள் மறுபக்கம் வருவது பழைய முறை. இப்போதோ ஒரே பொருளின் பாகங்கள் பல நாடு சுற்றத் தொடங்கின. வரிகளைக் குறைக்கப் பல நாடுகள் கூடி நடத்திய, 1967இல் முடிந்த கென்னடி சுற்றுப் பேச்சில் தொழிற்பொருள் வரிகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அடுத்த வருடமே அமெரிக்க மின்னணுச் சில்லு நிறுவனமான டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வந்தது. (சில்லு விமானத்தில் போகும், அதற்குக் கன்டெய்னர் தேவையில்லை. வானொலிக்கும் சட்டைக்கும்தான் தேவை.)

இனி தாத்தாவின் பெட்டிக்கு வருவோம். மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 1956இல் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளைக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார். மூட்டை மூட்டையாய் இறக்கினால் கப்பல் நாள்கணக்கில் கரையில் கிடக்கும், கூலியும் ஏறும், வழியில் திருட்டும் நடக்கும். பெட்டியில் இந்தச் செலவெல்லாம் கழிந்தது. தஞ்சோங் பகாரில் முதல் கன்டெய்னர் கப்பலான 'நிஹோன்' 1972 ஜூன் 23 அன்று வந்தது. கூட்டமாய்க் கூடி இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி எடுத்துக்கொண்டது. ஜூரோங் தொழிற்பேட்டையில் பேரனுக்கு ஆலை வேலை கிடைத்திருக்கலாம். தாத்தாவுக்கு அந்த வயதில் யார் கொடுப்பார்கள்? புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை, அதுதான் என் வருத்தம்.

அப்புறம் ஒன்று. மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கி அவரிடம் இருந்திருக்கும். வீட்டில் கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.