மூடிய பள்ளியிலும் பேர் கூப்பிடலாம்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில வாரங்களுக்குள் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடப்பட்டன. யுனெஸ்கோ கணக்குப்படி 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டோடு முடங்கினார்கள். அந்த ஓராண்டைப் பள்ளிகள் எப்படித் தாக்குப்பிடித்தன, மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான், பாதிப் பிள்ளைகளின் சரியான தொலைபேசி எண் எங்களிடம் இல்லை என்று தெரிந்தது. இனி முதலில் எது கையில் இருக்க வேண்டும்? (தலைமை ஆசிரியர்)

பதில்: ஒரு பதிவேடு. சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்த அன்று எழுதியது. சிம் மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும், சில வீடுகளில் குடும்பமே பிரிந்திருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று எண்கள் வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருப்பவருடையது, ஒன்று வெளியே வேலைக்குப் போகிறவருடையது, மூன்றாவது பக்கத்து வீட்டாருடையதோ உறவினருடையதோ. எண்ணைவிட முக்கியமான விவரம் ஒன்று உண்டு: அந்தப் போன் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? காலை பத்து மணிக்கு இணைய வகுப்பு வைத்த பல பள்ளிகள் தடுக்கி விழுந்தது இங்கேதான். போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு, இரவு ஏழு மணிக்குத்தான் திரும்பும். கூடவே, அது பேச மட்டும் உதவும் போனா, டேட்டா உள்ளதா, எத்தனை பிள்ளைகள் அதைப் பங்கு போடுகிறார்கள், வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே போனில் அண்ணன் தங்கை மூவர் இருந்தால், மூன்று வகுப்புக்கும் ஒரே நேரம் ஒதுக்குவது இருவரை வெளியே நிறுத்துவதற்குச் சமம்.

பருவத்துக்கு ஒருமுறை எல்லா எண்ணுக்கும் ஒரே நாளில் அழைத்துச் சோதியுங்கள். எடுக்காதவர்களின் பட்டியலை அன்றே வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பிறகு வாரந்தோறும் அழைத்துப் பேச, பள்ளியில் உள்ள பெரியவர்களுக்குப் பிள்ளைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பெரியவருக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர், அதற்கு மேல் வேண்டாம். ஆசிரியர் போதாவிட்டால் அலுவலக உதவியாளர், நூலகர், விளையாட்டு ஆசிரியர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் பேரைத் தெரிந்தவராக இருந்தால் போதும். பள்ளி மூடியிருக்கும்போது வருகைப் பதிவு என்பது, இந்த வாரம் அந்தக் குரலைக் கேட்டோமா இல்லையா என்பதுதான். இரண்டு வாரம் தொடர்ந்து கேட்காத பிள்ளையின் பேர் தலைமை ஆசிரியரின் மேசைக்கு வர வேண்டும்.

பதிவேட்டைக் கணினியில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு தாள் பிரதி உங்கள் வீட்டிலும், இன்னொன்று துணைத் தலைமை ஆசிரியர் வீட்டிலும் இருக்கட்டும். ஊரடங்கில் பள்ளிக்கூடச் சாவி கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் போகலாம். இது குடும்பங்கள் நம்பிக் கொடுக்கும் தகவல். வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடக் கூடாது.

கேள்வி: இணையம் இல்லாத பிள்ளைகளுக்குப் போனில் பேசியே பாடம் நடத்த முடியுமா? நேரம் வீணாகாதா? (நான்காம் வகுப்பு ஆசிரியை)

பதில்: முடியும். போட்ஸ்வானாவில் 2020-ல் செய்து பார்த்தே காட்டினார்கள். வாரம் ஒருமுறை பதினைந்து, இருபது நிமிட அழைப்பும் கூடவே குறுஞ்செய்தியில் ஒரு கணக்கும் கிடைத்த பிள்ளைகள், கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் அந்த அளவு பலன் தெரியவில்லை. மனிதக் குரல் செய்த வேலை அது.

அழைப்பில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். உதாரணமாக, 34-உம் 28-உம் கூட்டினால் எவ்வளவு? பிள்ளை ‘ஐநூற்றுப் பன்னிரண்டு’ என்று சொன்னால் திருத்த அவசரப்படாதீர்கள். ‘எப்படிப் போட்டாய், சொல்லு’ என்று கேளுங்கள். மூன்றும் இரண்டும் ஐந்து, நாலும் எட்டும் பன்னிரண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன் என்று வரும். கூட்டல் தெரிந்த பிள்ளைதான். பத்துகளின் இடம் என்றால் என்ன என்பதுதான் பிடிபடவில்லை. குச்சியோ தீக்குச்சியோ எடுத்துவரச் சொல்லுங்கள். 34 குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டினால் மூன்று கட்டு, நாலு உதிரி. 28-க்கு இரண்டு கட்டு, எட்டு உதிரி. உதிரி பன்னிரண்டையும் சேர்த்து வைத்து, ‘இதில் இன்னொரு கட்டுக் கட்ட முடியுமா?’ என்று கேளுங்கள். ஆறு கட்டு, இரண்டு உதிரி என்று பிள்ளையே சொல்லிவிடும். இதற்கு வீடியோ தேவையில்லை.

பேச்சின் முதல் இரண்டு நிமிடம் வீட்டில் உள்ள பெரியவருக்கு. சாப்பாடு, உடல்நிலை, ஏதாவது அவசரம் உண்டா என்று கேளுங்கள். கடைசி இரண்டு நிமிடமும் அவருக்கே. அடுத்த அழைப்புவரை தினமும் பிள்ளையிடம் கேட்க ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள். ஸ்பீக்கரில் போடச் சொன்னால் பெரியவரும் கேட்டுக் கற்றுக்கொள்வார். கெடுவது எங்கே என்றால், ஆசிரியர் இருபது நிமிடமும் தானே பேசிவிடுவதில். பாதிக்கு மேல் பிள்ளையின் குரல் கேட்க வேண்டும்.

வானொலி, தொலைக்காட்சிப் பாடம் போதாதா என்றும் கேட்பார்கள். 1937-ல் போலியோ பரவியபோது சிகாகோ நகரம் பள்ளி திறப்பதைத் தள்ளிவைத்து வானொலியில் பாடம் நடத்தியது. பாட அட்டவணையை நாளிதழ்கள் அச்சிட்டன, சந்தேகம் கேட்கத் தொலைபேசியும் இருந்தது. வானொலி இல்லாத வீட்டுக்கும் அலைவரிசை சரியாக எட்டாத வீட்டுக்கும் அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. ஒலிபரப்பைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கேள்வி: வீட்டுக்கு அனுப்பிய பயிற்சித்தாள்கள் பலவும் வெறுமையாகவே திரும்பி வந்தன. என்ன தவறு?

பதில்: தாள்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே புதுப் பாடம் இருக்கும். சொல்லித்தர ஆளில்லாத வீட்டில் அந்தப் பக்கத்தோடு பிள்ளை நின்றுவிடும். ஒரு வாரத்துக்கு எட்டுப் பக்கம் போதும். முதல் இரண்டு பக்கம் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தது. அடுத்து, முழுவதும் செய்து காட்டிய கணக்கு ஒன்று. அதன் கீழே பாதி செய்து விட்ட கணக்கு ஒன்று. பிறகுதான் தனியாகச் செய்ய நாலைந்து. கட்டளை வாக்கியம் ஆறேழு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ‘பின்வருவனவற்றுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து நிரப்புக’ என்பதைப் பாதிப் பிள்ளைகள் தாண்டமாட்டார்கள். ‘சரியான சொல்லை எழுது’ என்று போடுங்கள்.

ஆளுக்கு இரண்டு பை வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று வீட்டில் இருக்கும்போது மற்றது பள்ளியில் திருத்தத்தில் இருக்கும். குறிப்பிட்ட நாளில் கைமாறும். திரும்பி வந்த தாளில் வெறும் சரி போட்டு அனுப்பாதீர்கள். பிள்ளையின் பேர் எழுதி ஒரு வரி எழுதுங்கள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த மூன்றாவது வாரம் தாள் வெறுமையாகத்தான் வரும்.

கேள்வி: பள்ளி திறக்கும்போது கிருமிநாசினி தெளிக்கவே பெரும்பணம் செலவிட்டோம். அது சரியா? (மேலாண்மைக் குழு உறுப்பினர்)

பதில்: அந்தப் பணம் ஜன்னலுக்குப் போயிருக்க வேண்டும். கொரோனா முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்றின் வழியே. பொருள்களைத் தொட்டுப் பரவுவது மிகக் குறைவு. ஆட்கள் மேல் மருந்து தெளிப்பதை எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. கண்ணும் தோலும் மூச்சுக்குழாயும்தான் கெடும்.

எதிரெதிர்ச் சுவரில் உள்ள ஜன்னல்களைத் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் என்றால், ஒரு ஜன்னலில் விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். மற்றவை வழியே புதுக்காற்று தானாக வரும். போதுமா என்று அறிய, கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வகுப்பு வகுப்பாகச் சுற்ற விடுங்கள். வெளிக்காற்றில் ஏறக்குறைய 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு இருக்கும். வகுப்பில் 800-க்குள் நின்றால் நல்லது. 1500-ஐத் தாண்டினால் பிள்ளைகள் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுக்கிறார்கள் என்று பொருள். கருவியைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் தலை உயரத்தில், ஜன்னலுக்கும் முகத்துக்கும் நேராக இல்லாமல் வையுங்கள். அகச்சிவப்புக் கதிரால் அளப்பதையே வாங்குங்கள். சானிடைசர் தடவிய கையைப் பக்கத்தில் கொண்டுபோனதும் எண் எகிறினால், அது வேறு வாயுக்களை வைத்து ஊகிக்கும் கருவி.

ஜன்னலே போதாத அறைக்குக் காற்றை வடிகட்டும் பெட்டி கட்டலாம். 2020-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் இருவர் யோசனையில் உருவானது இது. நுண்துகளைப் பிடிக்கும் திறனைக் குறிக்கும் எம்.இ.ஆர்.வி அளவில் 13 தர வடிகட்டி நான்கைச் சுவர்போல் நிறுத்தி, அடியில் அட்டை, மேலே சதுர விசிறி, மூட்டெல்லாம் ஒட்டுநாடா. வடிகட்டியில் உள்ள அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும். விசிறி மேல்நோக்கி ஊத வேண்டும். மூலையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் காற்று வடிகட்டியை விட்டுவிட்டு அந்த வழியே நுழையும். விசிறியின் நான்கு மூலைகளையும் அட்டையால் மூடி, நடுவில் வட்டமாக மட்டும் விட்டால் இன்னும் நன்றாக இழுக்கும்.

கழிப்பறைக்கும் கைப்பிடிகளுக்கும் மட்டும் பிளீச்சிங் திரவம் போதும். 5% திரவத்தில் 100 மில்லியை 4.9 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1% வரும். முதலில் சோப்பால் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்து வீரியம் இழக்கும். அன்றன்று கலக்க வேண்டும். ஆசிடோடும் அம்மோனியா கலந்த திரவத்தோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுவாயு கிளம்பும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டுகிறது. போர்ஷனை முடிப்பதா, பின்னால் போவதா?

பதில்: பின்னால் போங்கள். 2005-ல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்த பகுதிகளில் பள்ளிகள் சராசரியாகப் பதினான்கு வாரம்தான் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது அந்தப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். திறந்த பிறகும் பாடம் அவர்களுக்காக நிற்காமல் ஓடியிருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் இடைவெளி கூடிக்கொண்டே போயிருக்கும்.

முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து, சொல், வாக்கியம், நான்கு வரிப் பத்தி, சிறு கதை என்ற வரிசையில் எங்கே நிற்கிறதோ அதுவே அதன் நிலை. நாற்பது பேருக்கு இருநூறு நிமிடம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். எழுத்துத் தேர்வு வைத்தால் வாசிக்கத் தெரியாதவரும் பயந்தவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். பிறகு தினமும் ஒரு மணி நேரம் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கலந்து, நிலைவாரியாகப் பிரித்து உட்கார வையுங்கள். இந்தியாவின் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த முறை இது. ஆப்பிரிக்க நாடுகள் பலவும் கையில் எடுத்திருக்கின்றன. மாதம் ஒருமுறை மறுபடி சோதித்துக் குழு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் அது ‘மக்குக் குழு’ என்று பேர் வாங்கிவிடும், அதன்பின் அங்கே யாரும் வாசிக்க மாட்டார்கள்.

கேள்வி: தொற்றில் தாயை இழந்த மாணவி திரும்பி வருகிறாள். என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

பதில்: வகுப்புக்குள் வருமுன் தனியே பேசுங்கள். ‘அம்மா இறந்துபோனது எனக்குத் தெரியும். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம்’ என்று சொன்னால் போதும். ‘தூங்குகிறார்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றெல்லாம் சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கவே பயப்படும், அல்லது காத்திருக்கும். மற்றவர்களிடம் எதைச் சொல்லலாம் என்று அவளிடமே கேளுங்கள். அழுகை வந்தால் அனுமதி கேட்காமல் எழுந்து போக ஓர் இடமும், அங்கே ஒரு பெரியவரும் இருக்கட்டும்.

‘அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா’ என்ற வாய்ப்பழக்கத்தை எல்லா ஆசிரியர்களும் அந்த வாரமே மாற்றிக்கொள்ள வேண்டும். இறந்த தேதியைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள், அடுத்த ஆண்டு புது ஆசிரியருக்கும் தெரியட்டும்.

கேள்வி: பள்ளி திறந்து ஒரு மாதமாகியும் சிலர் வரவில்லை. பேரை நீக்கிவிடலாமா?

பதில்: கூடாது. மூன்று எண்ணுக்கும் அழையுங்கள். எடுக்காவிட்டால் வகுப்புத் தோழர்களிடம் கேளுங்கள், ஆசிரியர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். பிறகு இருவராக வீட்டுக்குப் போங்கள். போகும்போது புத்தகமும் நோட்டும் கொண்டுபோங்கள். ‘ஏன் வரவில்லை’ என்று தொடங்காதீர்கள். காரணம் பெரும்பாலும் வேலைக்குப் போவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கட்டணப் பாக்கி, இல்லாவிட்டால் பாடம் மறந்துபோன வெட்கம். வேலைக்குப் போகும் பிள்ளையின் விவரத்தைக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரிடம் அன்றே சொல்லுங்கள். கட்டணம்தான் காரணம் என்றால் அதைத் தள்ளிவைக்கும் முடிவோடுதான் வாசலில் நிற்க வேண்டும். வெட்கம்தான் காரணம் என்றால், மேலே சொன்ன வாசிப்புக் குழுவில் எந்த இடத்தில் உட்காரப் போகிறாள், பக்கத்தில் யார் என்பதுவரை சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை வாசலில் அவளுக்காக நிற்கப்போகும் ஆசிரியையின் பேரையும் சொல்லிவிட்டு வாருங்கள்.