கிருமி தென்படவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் தரும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வந்தான். சென்ற மாதப் பரிசோதனையில் ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்றார்களாம். இனி மாத்திரை வேண்டாம் என்கிறான். அம்மாவோ இன்றும் அவனுக்குத் தனித் தட்டு வைக்கிறார். இருவருக்கும் எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, 'தென்படவில்லை' என்றால் கருவி எண்ணிக் காட்டும் அளவுக்குக் கீழே கிருமி இறங்கிவிட்டது என்றுதான் பொருள்; அது அடியோடு அழிந்துவிட்டது என்பதல்ல. நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் உள்ள சில வெள்ளணுக்களுக்குள் அது உறங்கிக் கிடக்கிறது, அப்படி உறங்கும் கிருமியை மருந்தால் அழிக்க முடிவதில்லை. மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகிவிடும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கு அடங்காத கிருமியே உருவாகக்கூடும்.

ஆனால் தம்பியின் வார்த்தையை மருந்தின் மீதான வெறுப்பாக மட்டும் கொள்ளாதீர்கள். பேருந்தில் குலுங்கிச் சத்தம் வராமலிருக்க மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையைவிட அதை மறைப்பதுதான் அவர்களுக்குச் சுமை. வீட்டில் தனித் தட்டு இருக்கும்வரை அந்தச் சுமை குறையாது.

அம்மாவையும் குறை சொல்ல மாட்டேன். 1986-இல் சென்னையில் முதன்முதலாகத் தொற்று கண்டறியப்பட்ட பிறகு, பல ஆண்டுகள் நாம் மக்களுக்குக் கற்பித்தது பயத்தைத்தான். 2004-இல் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது, அந்தச் செய்தி பயம் சென்ற அளவுக்கு ஊருக்குள் செல்லவில்லை என்பது என் தீராத வருத்தம். தட்டு, டம்ளர், துணி, கொசு எதனாலும் எச்.ஐ.வி. பரவாது. மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டு, கிருமி தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலமாகக்கூட அது பரவாது என்று பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. நாளை திருமணப் பேச்சு வந்தால், உண்மையைச் சொல்லித் தம்பி துணிந்து வாழலாம்.

இப்போது பலருக்கும் தரப்படுவது டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த, நாளுக்கு ஒரு மாத்திரை. தம்பிக்கும் அதுவென்றால், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமிலத் தணிப்பு மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ அதைச் சாப்பிட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லட்டும். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, தம்பி சம்மதித்தால், அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். தம்பியின் விருப்பமின்றி அவருடைய தொற்றைப் பற்றி வெளியில் எவருக்கும் சொல்லக் கூடாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே காப்பளிக்கிறது. மையத்தின் ஆற்றுப்படுத்துநர் (ஆலோசகர்) தட்டைப் பற்றி அம்மாவிடம் நேரில் பேசட்டும். அதுவரை சந்தேகம் எழுந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.