பனிச்சறுக்கு மலையேற்றப் போட்டி வீரர் ஒருவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கிலியன் ஜோர்னெட்டையே எடுத்துக்கொள்வோம். 1987-இல் பிறந்தவர், ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதிக்காரர். அப்பா பிரனீஸ் மலையில் ஒரு தங்குமிடத்தைப் பார்த்துக்கொண்டவர், மலை வழிகாட்டியும்கூட. அதனால் பையனுக்கு மலைதான் வீட்டு முற்றம். ஐந்து வயதிலேயே 3,404 மீட்டர் அனேட்டோ சிகரத்தில் ஏறிவிட்டான்!

பலரும் பனிச்சறுக்கு மலையேற்றத்தை வெறும் சறுக்குப் போட்டி என்று நினைக்கிறார்கள். ஆனால் நேரத்தில் பெரும்பங்கு ஏறுவதற்கே போகும். காலில் மாட்டும் சறுக்குப் பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டியிருப்பார்கள். பூனை முதுகைத் தடவுவது போலத்தான்: ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் பிடிக்கும். உச்சிக்கு வந்ததும் அதைச் சரக்கென்று உரித்து, சட்டைக்குள் நெஞ்சோடு திணித்து, குதிகாலைப் பலகையோடு பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டும். இதில் விரல் தடுமாறினால் பதக்கம் போச்சு.

கிலியன் உலக சாம்பியன் பட்டங்கள் பல வென்றவர். கோடையில் மலை ஓட்டம் வேறு. 2012-இல் மோன் பிளாங்க் மலைத்தொடரில் உடன் வந்த நண்பர் ஸ்டெஃபான் ப்ராஸ், பனி விளிம்பு உடைந்து, அவர் கண்ணெதிரே விழுந்து இறந்தார். அதற்குப் பிறகும் கிலியன் மலையை விடவில்லை.

2019-இல் நார்வேயில் ஒரே சரிவில் 24 மணி நேரம் ஏறி இறங்கினார். மொத்த ஏற்றம் 23,486 மீட்டர், எவரெஸ்ட் உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2026 மிலான்-கோர்டினாவில்தான்.